சம்பந்தியம்மா இன்னும் கை நனைக்கல

சொல்லிட்டேன்! வாய் குழறாம, பாதியில மறக்காம, முழுசாச் சொல்லிட்டேன். மானி டுசேயோ. நல்லா நிறையச் சாப்பிடுங்கன்னு அர்த்தம். பாஷை கொரியன். சொன்னது பூந்தமல்லி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல தலை நரைக்கிற வரைக்கும் ஹெட்போன் மாட்டிக்கிட்டு உக்காந்திருந்த செண்பகவல்லி, அதாவது நான். கேட்டது கொரியாவுலேர்ந்து முந்தாநாள் வந்து இறங்கின தேஹுனோட அம்மா. அவங்களுக்குப் புரிஞ்சுது! புருவம் ரெண்டும் மேல போச்சு, வாயைக் கையால பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க, பக்கத்து நாற்காலியில இருக்கிற மகன்கிட்ட குனிஞ்சு என்னமோ சொன்னாங்க, அவன் என்னைப் பாத்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். ஒரகடத்துல என் பொண்ணு கோதை வேலை பாக்கிற அதே கம்பெனியில வேலை பாக்கிறவன், கட்டினா இவளைத்தான் கட்டுவேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறவன். ஐயோ, இதைக் கேக்கக் கோதை பக்கத்துல இல்லாம போயிட்டாளே. வீட்டுத் தயிர் இந்த வெயிலுக்குப் புளிச்சுப் போச்சு, அந்தம்மா வாயில வெச்சு முகம் சுளிச்சா என்ன பண்றதுன்னு இலை போட்ட நேரத்துல கீழ கடைக்கு ஓடியிருக்கா. போகட்டும், வரட்டும், வந்ததும் இன்னொரு தடவை சொல்லிக் காட்டறேன். இப்ப சாப்பாட்டு மேஜையில ரெண்டு வாழையிலை, இலைக்கு முன்னாடி தாயும் மகனும், எதிர்ல சாம்பார் வாளியும் கையுமா நான். உடம்பெல்லாம் ஜிலுஜிலுன்னு இருக்கு. எனக்கு இந்த வயசுல இப்படி ஒரு குஷி வரும்னு யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்.

எதுக்கு இந்த வேண்டாத வேலைன்னு எல்லாரும் கேட்டாங்க. போன்லயே மொழிபெயர்த்துச் சொல்லுதே, அதை நீட்டினாப் போதாதான்னு எங்க அண்ணன் கேட்டார். போன்ல கேக்கறதா? வாழ்க்கை பூரா அடுத்தவங்க பேச்சைக் கம்பியில கோத்து விட்டவ நான், எனக்குத் தெரியாதா குறுக்க ஒரு மிஷின் இருந்தா பேச்சு என்ன ஆகும்னு. அதான் பிரதீபாகிட்ட சேந்தேன். வேளச்சேரிப் பொண்ணு, கோதையை விடச் சின்னவ, ஆன்லைன்ல கொரியன் சொல்லித் தர்றா. கிளாஸ்ல சேந்தது அத்தனையும் ஸ்கூல் பிள்ளைங்க, காலேஜ் பிள்ளைங்க, முதுகுக்குப் பின்னாடி சுவரெல்லாம் கொரியாக்காரப் பசங்க படம் ஒட்டி வெச்சிருக்குங்க. ஆன்ட்டி, மைக்கை ஆஃப் பண்ணுங்க, உங்க குக்கர் விசில் காதைக் கிழிக்குதுன்னு முதல் நாளே மானத்தை வாங்கிடுச்சு ஒண்ணு. எதுக்குப் படிக்க வந்தீங்கன்னு பிரதீபா ஒவ்வொருத்தரையா கேட்டா. நாடகம் பாக்க, பாட்டுப் புரிய, அந்த ஊர்ல மேல படிக்க. என் முறை வந்தது. என் பொண்ணோட மாமியார்கூடப் பேசணும்னு சொன்னேன். உடனே திரை பூரா சிவப்பு சிவப்பா இதயம் பறக்குது! அன்னிலேர்ந்து நான்தான் அந்த கிளாசுக்குச் செல்லம். எழுத்தைப் படிச்சு முடிச்ச வாரம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பஸ்ல போறேன், ஜன்னலுக்கு வெளிய ஒரு போர்டு, வட்டமும் கோடுமா. எத்தனையோ வருஷமா அந்த வழியா போறேன், ஏதோ கம்பெனி முத்திரை போலன்னு இருந்துட்டேன். அன்னிக்கு அது வாயைத் திறந்து பேசுது! சிக், டாங். சிக்டாங். சாப்பாட்டுக் கடை! ஏய், அது சாப்பாட்டுக் கடைன்னு கத்திட்டேன். கண்டக்டர் திரும்பிப் பாத்து, இறங்கணுமாம்மான்னு கேட்டான். இறங்கத்தான் தோணுச்சு. உள்ள போய் நான் உங்க போர்டைப் படிச்சுட்டேன்னு சொல்லிட்டு வரணும் போல இருந்தது.

அப்புறம் இலக்கணம். இலக்கணம்னாலே ஸ்கூல்ல வயித்தைக் கலக்கும், இது சர்க்கரைப் பொங்கல். இங்கிலீஷ்ல தலைகீழா நின்னு பேசணும், இதுல நம்ம வீட்டுக் கூடத்துல உக்காந்து பேசற மாதிரியே பேசலாம். நான், சோறு, சாப்பிடறேன். அதே வரிசை! வினை கடைசியில. வீட்டுக்கு, வீட்டுல, வீட்டுலேர்ந்துன்னு நாம வால் ஒட்டற மாதிரியே அவங்களும் ஒட்டறாங்க. மத்த பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ்லேர்ந்து அதைப் புரிய வைக்கப் பிரதீபா தொண்டைத் தண்ணி வத்தக் கத்தறா, நான் மைக்கைப் போட்டு, ஏம்மா, வா, வாங்க, அவ்வளவுதானே, சேயோன்னா நம்ம வாங்க, போங்கல வர்ற ங்கதானேன்னேன். அவ சிரிச்ச சிரிப்பைப் பாக்கணுமே. ஒரு எழுத்து இருக்கு, படுக்கப் போட்ட கோடு. உதட்டைக் குவிக்காம உ சொல்லணுமாம், பிள்ளைங்க எல்லாம் முக்குதுங்க முனகுதுங்க, இங்கிலீஷ்ல அது கிடையாதாம். அடப் போங்கடி. காத்து, பாட்டு, சோறுன்னு நாம நாள் பூரா வார்த்தைக்கு வார்த்தை கடைசியில தொட்டும் தொடாம விடறோமே, அதானே அது! அதை நான் சொன்னதும் அத்தனை பிள்ளைங்களும் காத்து, காத்துன்னு சொல்லிப் பாத்துக்கிச்சுங்க. அப்பாவுக்கு அப்பாதானாம். அம்மாவுக்கும் கிட்டத்தட்ட அம்மாதானாம், வாயைக் கொஞ்சம் உருட்டிச் சொல்றாங்க. அதைக் கேட்ட அன்னிக்கு மட்டும் நான் மைக்கோட கேமராவையும் அணைச்சுட்டு அழுதேன். சந்தோஷத்துலதான் அழுதேன், ஆனா சந்தோஷம் மட்டும் இல்ல. நாளைக்குக் கோதைக்கு ஒண்ணு பொறந்தா அது அவளை என்னன்னு கூப்பிடுமோன்னு ஒரு பயம் உள்ளுக்குள்ள உக்காந்திருந்தது, அது எழுந்து போச்சு. அதுக்கு ஒரு அழுகை.

இந்தா, பேசிக்கிட்டே சாம்பாரை மறந்துட்டேன். ஊத்தறேன். அந்தம்மா ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கிட்டு, தலையைத் தாழ்த்தி, நே, நேங்கறாங்க. நேன்னா ஆமாம். சரி, ஆமாம்னுட்டு எடுக்கணும்ல? எடுக்கல. இலைக்கு வலது பக்கம் ஸ்பூன் இருக்கு, சாப்ஸ்டிக் இருக்கு, கோதை தேடிப் பிடிச்சு வாங்கிட்டு வந்தது. அவரைக்காய்ப் பொரியல், வாழைக்காய் வறுவல், வடை, அப்பளம், எல்லாம் வெச்ச இடத்துல வெச்ச மாதிரி இருக்கு. இன்னொரு தடவை சொல்லுவோம். மானி டுசேயோ. நே, நே. மறுபடி தலை தாழுது, கை மடியிலயே. தேஹுன்? இவன் சாதாரணமா பசி தாங்க மாட்டான், போன மாசம் வந்தப்ப கோதை தட்டுலேர்ந்து பஜ்ஜியைப் பிடுங்கித் தின்னவன், இப்ப பரீட்சை ஹால்ல உக்காந்த மாதிரி விறைச்சுப் போய் அவங்க அம்மா கையையே பாத்துக்கிட்டு இருக்கான். சோத்துக்கு மேல எழும்பின ஆவி குறைஞ்சு போச்சு. நெய் உறையுது. ஏன் சாப்பிடல? அண்ணன் சொன்னாரே. முடிவாகாம இலை போடாதே செண்பகம், அவங்க கை நனைக்காம எழுந்து போனா உனக்குத்தான் அசிங்கம்னு. நான் அவர் பேச்சைக் கேக்கல, அவ்வளவு தூரம் பறந்து வந்தவங்களைக் காபியைக் குடுத்து அனுப்பவான்னு சண்டை போட்டேன். ஆனா வழக்கம் எனக்குத் தெரியாததா? பொண்ணு வீட்டுல கை நனைச்சா சம்மதம். மனசுக்கு ஒப்பலேன்னா இலையைத் தொட மாட்டாங்க. அந்தம்மா இன்னும் சம்மதம் சொல்லல. வீட்டைப் பாத்து, பொண்ணோட அம்மாவைப் பாத்து, சாப்பிட்ட பிறகு சொல்றேன்னுதான் மகன்கிட்ட சொல்லியிருக்காங்க. இப்ப இலையைத் தொடல.

எனக்கு முன்னாடி ஒரு தடவை நடந்திருக்கு. செங்கல்பட்டுலேர்ந்து என்னைப் பாக்க வந்தாங்க, அப்ப எனக்குக் கல்யாணம் ஆகல, எக்ஸ்சேஞ்சுல சேந்த புதுசு. அம்மா கேசரி கிளறி, பஜ்ஜி போட்டு, தட்டை எல்லாம் நான்தான் கொண்டு போய் வெச்சேன். ஒருத்தர் கை நீட்டல. மாப்பிள்ளையோட அம்மா தண்ணி டம்ளரைக்கூட விரலால இந்தப் பக்கம் நகத்தி வெச்சுட்டு, ராத்திரி டியூட்டி எல்லாம் உண்டான்னு கேட்டாங்க. உண்டுன்னேன். எழுந்துட்டாங்க. ஆறின கேசரியை ராத்திரி பூரா எங்க அப்பா தின்னு தீத்தார், வீணாப் போகக் கூடாதுன்னு. எங்க வீட்டு நடையில நான் நின்ன நிலை இருக்கே, அது என்னோட போகட்டும். கோதைக்கு அது வரக் கூடாது, சாமி, கோதைக்கு வேண்டாம். என்ன தப்பு பண்ணேன் நான்? ஆளைப் பிடிக்கலையா? வாசல்ல செருப்பை விட்டுட்டு வந்தாங்க, நல்லாத்தானே சிரிச்சாங்க. அவங்களுக்கு நாலு ஆகாதாம், சாவு எண்ணாம், ஐயையோ எத்தனை பதார்த்தம் வெச்சேன், பொரியல், வறுவல், வடை, அப்பளம், நாலு! ஊறுகாய், ஊறுகாய் எங்க, இந்தா வெச்சேன் அஞ்சாவதா. அப்பவும் அசையல. சோத்துப் பாத்திரத்துல கரண்டி செங்குத்தா நிக்குது! அது கூடாதே, செத்தவங்களுக்குப் படைக்கிறப்பத்தான் அப்படிக் குத்தி நிறுத்துவாங்கன்னு பிரதீபா தலையில அடிச்சுச் சொன்னாளே, வெடுக்குன்னு உருவிட்டேன், ரெண்டு பருக்கை தேஹுன் சட்டையில போய் ஒட்டிக்கிச்சு. சாரி பா. அவன் பருக்கையை எடுத்துக் கையிலயே வெச்சுக்கிட்டு இருக்கான், வாயில போடல. பருக்கையைக்கூட போடல! காரமா? நம்மளை விடக் காரம் தின்றவங்களாச்சே அவங்க. கொரியனைத் தப்பாச் சொல்லிட்டேனா? புரிஞ்சுதே. சிரிச்சாங்களே. கேலிச் சிரிப்பா அது?

தேஹுன் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, அம்மா, உக்காருங்கன்னான். இவன் பேசற தமிழே கொஞ்சம், அதுல பாதி ஃபேக்டரித் தமிழ், சீக்கிரம், போதும், நாளைக்கு முடிச்சுடலாம்ணே. மரியாதைக்குச் சொல்றான், நல்ல பிள்ளை. இருக்கட்டும் பா, நீங்க சாப்பிடுங்க முதல்ல, நான் பொறவு சாப்பிட்டுக்கறேன்னேன். அவன் முகம் இன்னும் சின்னதாப் போச்சு. அம்மா, நீங்க, உக்காருங்க, ப்ளீஸ்னான். அட, எனக்கென்னப்பா அவசரம், உங்களுக்குப் பரிமாறிட்டு ஒரு ஓரமா உக்காந்து சாப்பிட்டா ஆச்சு. அதுக்குள்ள அந்தம்மா தாழ்ந்த குரல்ல அவன்கிட்ட என்னமோ சொன்னாங்க, அவன் கப்சிப். அந்தக் குரலை நான் காதால பிடிச்சேன். வார்த்தை வழுக்கிடுச்சு, குரலை விடல. எக்ஸ்சேஞ்சுல முகம் பாக்காம குரலை மட்டும் பாத்துப் பழகினவ நான், டிரங்க் கால்ல ஹலோன்னு ஒரு தடவை சொன்னா போதும், நல்ல சேதியா கெட்ட சேதியான்னு தெரிஞ்சுடும். இது கோபக் குரல் இல்ல. வெறுப்பும் இல்ல. இது என்னமோ தர்மசங்கடம். சரி, பாயசத்தைக் கொண்டு வந்து வெச்சா இனிப்பைப் பாத்தாவது ஆரம்பிப்பாங்கன்னு அடுப்படிப் பக்கம் திரும்பினேன். நாற்காலி பின்னால இழுபடற சத்தம். திரும்பிப் பாத்தா அந்தம்மா எழுந்து நிக்கறாங்க! போச்சு. போச்சு எல்லாம். எழுந்துட்டாங்க. அஞ்சுசேயோ, அஞ்சுசேயோன்னு கத்தறேன், உக்காருங்க, உக்காருங்க. உக்காந்தாங்க. நான் ஒரு அடி நகர்ந்தேன், மறுபடி எழுந்தாங்க. நான் நின்னா உக்காரவே மாட்டேங்கறாங்க, பாதி எழுந்து பாதி உக்காந்து என்னமோ மாதிரி. கோதை, சனியனே, ஒரு பாக்கெட் தயிர் வாங்க இவ்வளவு நேரமாடி? உன் வாழ்க்கை இங்க ஆறிப் போயிக்கிட்டு இருக்கு.

லைன்ல இருங்க. அதான் நான் ஆயிரம் பேருக்குச் சொன்னது, லைன்ல இருங்க, வெச்சுடாதீங்க, நான் பாக்கறேன். எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வாளியைக் கீழ வெச்சேன். பயத்தைத் தள்ளி வெச்சுட்டு அந்தம்மாவைப் பாத்தேன், நல்லாப் பாத்தேன். என் வயசை ஒட்டினவங்க. காதுல குட்டியா முத்துத் தோடு, முழங்கை வரைக்கும் மடிச்சு விட்ட சட்டைக் கை, கழுத்துல வேர்வை, பாவம், நம்ம ஊர் வெயில். நல்லாப் பசி இருக்கு, கண்ணு ஒரு தடவை வடையைப் போய்த் தொட்டுட்டு வருது. அப்ப சாப்பாட்டைப் பிடிக்காம இல்ல. அப்புறம் அந்தக் கண்ணு போற இடம் வேற. என் கையைப் பாக்குது, அப்புறம் மேஜை தலைமாட்டுல இருக்கிற காலி நாற்காலியைப் பாக்குது, மறுபடி என்னைப் பாக்குது. நான் பாக்கறதைப் பாத்துட்டாங்க. மெதுவா வந்து அந்த நாற்காலியை ரெண்டு கையாலயும் பின்னால இழுத்து, அதோட முதுகை ஒரு தட்டுத் தட்டி, மொன்ஜோ டுசேயோன்னாங்க. எனக்குத் தெரியும் அது. மொன்ஜோன்னா முதல்ல. நீங்க முதல்ல சாப்பிடுங்க. நானா? ஏன் நானு? அப்பத்தான் மண்டையில பல்பு எரிஞ்சுது, எரிஞ்சதும் எனக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது. பிரதீபா சொன்னா, சொன்னாளே, கொரியாவுல வயசுல பெரியவங்க முதல்ல ஸ்பூனைத் தூக்கணும், அதுவரைக்கும் மத்தவங்க சாப்பாட்டைத் தொடக் கூடாதுன்னு. எழுதிக்கூட வெச்சேன். ஆனா பெரியவங்கன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரங்கன்னு நானே அர்த்தம் பண்ணிக்கிட்டேன். நம்ம பழக்கம் அதுதானே, அவங்கதானே பெரியவங்க, நாம பொண்ணைக் குடுக்கறவங்க. ஹால்ல வந்து உக்காந்ததும் அந்தம்மா உங்க வயசு என்னன்னு கேட்டாங்க. நான் கொரியன்ல எண்ணைச் சொல்லிட்டு எவ்வளவு பெருமைப்பட்டேன், கேட்டதும் எழுந்து இன்னொரு தடவை குனிஞ்சு கும்பிட்டாங்களே, எதுக்குன்னு யோசிச்சேனா? அவங்களுக்கு நான் மூத்தவ. இந்த மேஜையில நான்தான் பெரியவ. நான் ஒரு வாய் வெக்காம அவங்க எப்படிச் சாப்பிடுவாங்க? நான் இங்க அவங்க சாப்பிடட்டும்னு நிக்கிறேன், அவங்க அங்க நான் சாப்பிடட்டும்னு காத்திருக்காங்க. இப்படியே விட்டா பொழுது சாயற வரைக்கும் ரெண்டு பேரும் பட்டினிதான்.

உக்காரணும். எவ்வளவு சின்ன வேலை, ஆனா எனக்கு முட்டி மடங்க மாட்டேங்குது. நான் முதல்ல சாப்பிட்டதே இல்ல. நெனச்சுப் பாக்கறேன், ஒரு நாளாவது? கல்யாணம் ஆகி வந்த வீட்டுல முதல்ல மாமனார், அப்புறம் கொழுந்தனுங்க, அப்புறம் அவர், அப்புறம் மாமியார், அப்புறம் சட்டியில என்ன இருக்கோ அது, அடுப்படியில நின்னுக்கிட்டே. டியூட்டிக்குப் போற அவசரத்துலகூட அந்த வரிசை மாறல. மாமியார் போனாங்க, கொழுந்தனுங்க தனித்தனியா போனாங்க, அவரும் போய்ச் சேந்தார், அப்பவும் கோதைக்குப் போட்டுட்டு அவ தட்டைக் கழுவின பிறகுதான் எனக்கு. யாரும் அப்படிச் செய்யின்னு சொல்லல, பழகிடுச்சு. புருஷன் போனதுக்கு அப்புறம் விசேஷ வீட்டுல நான் பந்தியில உக்காரப் பாத்தா, நீ அடுத்த பந்தியில உக்காந்துக்கலாம் செண்பகம்னு நைசா ஒருத்தி சொல்லுவா. நானும் சரிதான்னு எழுந்து போயிடுவேன், எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்லன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இருக்கு போலிருக்கே. இவ்வளவு இருக்கு போலிருக்கே! எங்கேர்ந்தோ வந்த ஒரு பொம்பளை, என் பேரைக்கூட நேத்துத்தான் கேள்விப்பட்டவ, பசியோட நாற்காலியை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா, நீ ஆரம்பிச்சாத்தான் எனக்கு இறங்கும்னு. உக்காந்துட்டேன். தேஹுன் துள்ளி எழுந்து எனக்கு ஒரு இலை போட்டு, கோணல் மாணலா சோறு வெச்சு, சாம்பாரை ஊத்தினான், பாதி இலையில, பாதி மேஜைத் துணியில. ரெண்டு பேரும் கையைக் கட்டிக்கிட்டு என்னையே பாக்கறாங்க. வெக்கமா இருக்கு. பிசைஞ்சு ஒரு வாய் வெச்சேன். ஆறிப் போன சோறு, உப்பு ஒரு கல்லு கம்மி. கடவுளே, என்னா ருசி.

அவ்வளவுதான், தாயும் மகனும் ஒரே குரல்ல என்னமோ சொல்லித் தலையைக் குனிஞ்சுட்டு, பாய்ஞ்சாங்க. பாய்ஞ்சாங்கன்னுதான் சொல்லணும். அந்தம்மா வடையை ரெண்டாப் பிட்டு சாம்பார்ல தோச்சு, கண்ணை மூடிக்கிட்டு, ம்ம்னு ஒரு சத்தம் போட்டாங்க, அதுக்கு எந்த பாஷையும் படிக்க வேண்டாம். தேஹுன் ஸ்பூனைத் தூக்கி ஓரமா வெச்சுட்டுக் கையாலயே அள்ளறான். வறுவலை வாயில போட்டதும் அந்தம்மா கண்ணு விரிஞ்சுது. போட்ட வேகத்துல, வாயிலேர்ந்து எடுத்த அதே சாப்ஸ்டிக்கால நல்ல பெரிய துண்டாப் பாத்து எடுத்து, இலையைத் தாண்டிக் கையை நீட்டி, என் சோத்து மேல வெச்சாங்க. எச்சில். எங்க வீட்டுல பெத்த பிள்ளை வாய் வெச்ச கரண்டியைக்கூட சட்டியில போட விட மாட்டேன் நான். ஆனா அவங்க முகத்தைப் பாத்தேன். இருக்கறதுலயே நல்ல துண்டு உங்களுக்குன்னு அந்த முகத்துல எழுதியிருக்கு. எடுத்து வாயில போட்டுக்கிட்டேன். மொறுமொறுன்னு உள்ள போச்சு, ஒண்ணும் ஆகல, உலகம் அது பாட்டுக்குச் சுத்துது. அவங்க சிரிச்சாங்க, இந்தத் தடவை வாயைப் பொத்தாம. அப்புறம் மகன்கிட்ட திரும்பி நீளமா ஒண்ணு சொன்னாங்க, அதுல கல்யாணம்கிற வார்த்தை இருந்தது, நான் படிச்சதுதான். தேஹுன் காது ரெண்டும் சிவந்து போய், அம்மா கேக்குது, கல்யாணம் எந்த மாசம், இங்க ஒண்ணு அங்க ஒண்ணு வெச்சுக்கலாமான்னு கேக்குதுன்னான். பெத்தவளைக் கேக்குதுன்னு சொல்லாதடா, கேக்கறாங்கன்னு சொல்லுன்னேன். நேன்னேன் அந்தம்மாவைப் பாத்து. நே, நே, நே. கதவு திறந்துது. கோதை தயிர் பாக்கெட்டோட நிக்கறா, அவங்க ரெண்டு பேரும் சாப்பிடறதைப் பாக்காம என்னையே பாக்கறா. இலைக்கு முன்னாடி உக்காந்து, வாய் நிறைய சோத்தோட, கண்ணு நிறைய தண்ணியோட நான். என்னம்மா, நீயா, என்ன ஆச்சும்மான்னா. ஒண்ணும் ஆகலடி, கையைக் கழுவிட்டு வான்னேன். வந்து எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு.